முன்கட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பின்கட்டைத் தட்டிப் பாருங்கள்

கேட்டவர் சென்னையில் வேலை பார்க்கிறார், அடுத்த வருஷம் ஓய்வு. மனைவிக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். வெளிப்பாளையம் பக்கம் ஒரு பெரிய வீடு விலைக்கு வந்திருக்கிறது. 40 குழி மனை, அதாவது 5,760 சதுர அடி. முன்பக்கம் திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று பழைய காலத்துக் கட்டு. பின்னால் 1986-ல் சேர்த்த இரண்டு மாடி கான்கிரீட் கட்டடம். ஆறு படுக்கையறை, கொல்லையில் கிணறு, இரண்டு தென்னை, ஒரு வேப்பமரம். கடலுக்கும் வீட்டுக்கும் 600 மீட்டர். சொல்லும் விலை 1 கோடியே 10 லட்சம். விற்பவர்கள் ஐந்து பேர், அண்ணன் தம்பி தங்கைகள், அதில் ஒருவர் டொராண்டோவில். "முன்பக்கம் பழசு, அதை இடித்துவிட்டுப் பின்பக்கத்தில் குடியிருக்கலாம் என்று புரோக்கர் சொல்கிறார். வாங்கலாமா, என்னென்ன பார்க்க வேண்டும்?" என்பது கேள்வி.

வாங்கலாம். ஆனால் அந்த விலைக்கு வேண்டாம், கார்த்திகை முடிவதற்குள் வேண்டாம், அப்புறம் புரோக்கர் சொன்ன யோசனை தலைகீழ். இந்தக் கடற்கரையில் முப்பது வருஷத்துக்கு மேல் கட்டட வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வீட்டில் நிற்கப்போவது பழைய முன்கட்டு, உங்கள் பணத்தைத் தின்னப்போவது புதிய பின்கட்டு. ஏன் என்று பிறகு வருகிறேன். கட்டடத்துக்குள் நுழைவதற்கு முன்னால் மண் யாருடையது என்று பார்க்க வேண்டும்.

நாகையில் இதுதான் முதல் கேள்வி. டெல்டா ஊர்களில், அதுவும் பெரிய கோயிலும் தர்காவும் உள்ள ஊர்களில், வீடு ஒருவருடையதாகவும் அடிமனை கோயிலுடையதாகவும் இருப்பது சர்வசாதாரணம். நான்கு தலைமுறையாக இருப்பார்கள், வீட்டு வரி அவர்கள் பெயரில் இருக்கும், மின் இணைப்பு அவர்கள் பெயரில் இருக்கும், ஆனால் வருஷா வருஷம் கோயிலுக்கு அடிமனை வாடகை கட்டிக்கொண்டிருப்பார்கள், சில சமயம் அதையும் கட்டாமல் விட்டிருப்பார்கள். இப்படிப்பட்ட மனையைச் சொந்த மனை மாதிரி விற்க முடியாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவுப்படி கோயில் நிலம், வக்ஃப் நிலம் என்று பட்டியலில் இருந்தால் தடையின்மைச் சான்று இல்லாமல் சார்பதிவாளர் பத்திரத்தைத் தொடமாட்டார். "கட்டடத்தை மட்டும் எழுதிக்கலாம் சார், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். 1 கோடி ரூபாயைச் செங்கல்லுக்கு மட்டும் கொடுக்கப் போகிறீர்களா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதைக் கண்டுபிடிக்க, பத்திரத்தை மட்டும் நம்பாமல் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுங்கள், இணையத்திலேயே கிடைக்கிறது. வார்டு, பிளாக், நகர அளவை எண் மூன்றும் வேண்டும். அதில் உரிமையாளர் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தேவஸ்தானம் என்றோ வக்ஃப் என்றோ சர்க்கார் என்றோ ஒரு வார்த்தை இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு வக்கீலிடம் போங்கள். பேர் சரியாக இருந்தால் அடுத்து தாய்பத்திரம். அந்தக் காலத்துப் பத்திரத்தில் "கிழமேலடி 40, தென்வடலடி 144" என்று எழுதியிருப்பார்கள், பெருக்கினால் 5,760 சதுர அடி, குழிக்கு 144 சதுர அடி என்ற கணக்கில் சரியாக 40 குழி. கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்தால் நான் சந்தேகப்படுவேன். டேப் பிடியுங்கள். தென்வடலில் நாலைந்து அடி குறைந்தால் கொல்லைப்புற மதிலை யாரோ எப்போதோ நகர்த்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம், இல்லாவிட்டால் சந்துக்கு விட்டிருக்கிறார்கள். விலை பேசும்போது டேப்பில் வந்த அளவுக்குத்தான் பேச வேண்டும், பத்திரத்தில் உள்ள அளவுக்கு அல்ல.

வில்லங்கச் சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் வருவது பதிவான விஷயம் மட்டும். பதிவு செய்யாத உயில், வீட்டுக்குள்ளேயே வாய்மொழியாகப் பேசி முடித்த பாகப்பிரிவினை, நடந்துகொண்டிருக்கும் கோர்ட் வழக்கு எதுவும் அதில் தெரியாது. கணினியில் ஏறாத பழைய வருஷங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியாக மனுப் போட்டுத் தேடச் சொல்லி வாங்குங்கள். வங்கிக் கடன் போட்டால் எப்படியும் 30 வருஷத்துக்குக் கேட்பார்கள்.

ஐந்து வாரிசு விஷயத்துக்கு வருவோம். தங்கைகள் "நாங்கள் அப்போதே நகை வாங்கிக்கொண்டோம், எங்களுக்குப் பங்கு வேண்டாம்" என்று வாயால் சொல்வது பத்தாது. தமிழ்நாட்டில் 1989-லேயே, கல்யாணமாகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்துவிட்டது, 2005-ல் மத்தியச் சட்டத் திருத்தம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது, 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 2005-ல் அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது முக்கியமில்லை, மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே ஒன்று, எல்லாரும் கிரையப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது பங்கு வேண்டாம் என்பவர்கள் அதை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்திருக்க வேண்டும். ஐவரில் யாராவது இறந்து, அவருக்கு மைனர் பிள்ளை இருந்தால் அந்தப் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அதையும் கேட்டு வையுங்கள், யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள்.

டொராண்டோ அண்ணன் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் நல்லது. வராவிட்டால் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் அனுப்புவார். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டி முறைப்படுத்த வேண்டும். தபால் உறையைக்கூட எறியாமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், எந்தத் தேதியில் வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. பத்திரம் பதியும் நாளில், எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள். பவர் கொடுத்தவர் இறந்துபோனால் பவரும் அதோடு போய்விடும் என்பதால் இந்தக் கேள்வி.

செலவு. பதிவின்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 1 கோடியே 10 லட்சத்துக்கே பதிந்தால் 9 லட்சத்து 90 ஆயிரம். இதை வீட்டு விலையோடு சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும், பலர் மறந்துவிட்டுக் கடைசி வாரத்தில் நகையை அடகு வைக்க ஓடுகிறார்கள். வருமான வரியில் ஒரு பொறி இருக்கிறது. 50 லட்சமோ அதற்கு மேலோ உள்ள சொத்து என்றால் வாங்குகிறவர் 1 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். "ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 22 லட்சம்தானே, பிடிக்க வேண்டியதில்லை" என்று சொல்வார்கள். 2024 அக்டோபரிலிருந்து அந்தக் கதை செல்லாது, மொத்த விலையைத்தான் பார்க்க வேண்டும். டொராண்டோக்காரர் வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் அவர் பங்குக்கு இந்த 1 சதவீதக் கணக்கே கிடையாது, தனி விகிதம், கூடுதலாகப் பிடிக்க வேண்டும், அவர் முன்கூட்டியே வருமான வரித் துறையிடம் குறைந்த பிடித்தத்துக்குச் சான்றிதழ் வாங்கி வந்தால் இருவருக்கும் நிம்மதி. பிடிக்காமல் விட்டால் நோட்டீஸ் அவருக்கு வராது, உங்களுக்கு வரும். இதற்கு ஒரு ஆடிட்டரை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது வீட்டுக்குள் போவோம்.

உப்புக்காற்று என்று எல்லாரும் சொல்கிறார்கள், அது என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் எதைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று தெரியும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் சிமெண்டின் காரத்தன்மை. அது கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் போர்த்தி வைக்கிறது. காற்றில் வரும் உப்பு, வருஷக்கணக்கில் ஈரத்தோடு சேர்ந்து உள்ளே ஊறி, கம்பி வரை போய் அந்தத் தோலைக் குத்திவிடுகிறது. துரு ஆரம்பித்துவிட்டால் இரும்பு இருந்த இடத்தைவிட இரண்டு மடங்கு, சில வகைத் துரு ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். இடம் எங்கே? கான்கிரீட்டைப் பிளந்துதான் எடுத்துக்கொள்ளும். முதலில் கம்பி ஓடும் கோட்டிலேயே நேராக ஒரு மயிரிழை விரிசல். அப்புறம் பழுப்புக் கறை. அப்புறம் ஒருநாள் ராத்திரி தட்டு அளவுக்குக் காரை பெயர்ந்து கட்டிலில் விழும்.

1986-ல் கட்டிய தளத்தில் கம்பிக்குக் கீழே கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம், எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அன்றைய வழக்கத்தில் தளத்துக்கு 15 மில்லிமீட்டர். அதுவும் ஏட்டில். கம்பியைத் தூக்கிக் கட்ட ஜல்லித் துண்டை வைத்துவிட்டு, கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் அதன் மேலேயே நடந்து போவார்கள், பல இடத்தில் 5 மில்லிமீட்டர்கூட மிஞ்சாது. 2000-ல் வந்த ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரவிதி கடலோரச் சூழலுக்குக் கேட்பது 45 மில்லிமீட்டர். இந்த வித்தியாசம்தான் உங்கள் பின்கட்டின் ஆயுசு. கலவைக்கு எந்தத் தண்ணீர் ஊற்றினார்கள் என்பது இன்னொரு கேள்வி. கொல்லைக் கிணறு கோடையில் கரித்திருந்தால், உப்பு வெளியிலிருந்து வர வேண்டியதே இல்லை, முதல் நாளே உள்ளே போய்விட்டது.

ஆகவே ஒரு சிறிய சுத்தியல் எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் மாடிப்படிக்கு அடிப்பக்கம், பிறகு குளியலறைக்கு மேல் தளம், பிறகு கிழக்குப் பார்த்த சன்ஷேடு. நல்ல கான்கிரீட் தட்டினால் கல்லைத் தட்டினது மாதிரி கணீரென்று சொல்லும். உள்ளே விட்டுப்போனது தொம் தொம் என்று காலிப் பானை மாதிரி சத்தம் போடும். ஒரு அறையில் மட்டும் பளபளவென்று புதிதாகச் சீலிங் செய்திருந்தால், அழகுக்கா மறைப்பதற்கா என்று கேளுங்கள், ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்ற மறுத்தால் பதில் கிடைத்துவிட்டது. வீடு முழுக்கப் புது பெயிண்ட் வாசனை அடித்தாலும் அப்படித்தான், விற்கிற வீட்டுக்கு யாரும் ஆசையாகப் பெயிண்ட் அடிக்கமாட்டார்கள்.

இன்னும் ஒரு சோதனை உண்டு. தூணிலும் பீமிலும் சின்ன ஓட்டை போட்டு, தூசியை ஊதிவிட்டு, பினாஃப்தலீன் கரைசலைத் தெளிப்பது. பள்ளிக்கூட வேதியியல் லேபில் பார்த்ததுதான். காரத்தன்மை மிச்சம் இருக்கும் இடம் ரோஸ் நிறமாகும், செத்துப்போன இடம் நிறம் மாறாது. மேலிருந்து எத்தனை மில்லிமீட்டர் நிறமில்லாமல் இருக்கிறது என்று ஸ்கேல் வைத்தால் தெரிந்துவிடும். ஆனால் ரோஸ் வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். கடலோரத்தில் கான்கிரீட் ரோஸாக இருக்கும்போதே உப்பு கம்பியைத் தின்றிருக்கும். உப்பு எவ்வளவு என்று அறியத் தூளை எடுத்து லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும். பொறியியல் கல்லூரிகளில் செய்து கொடுக்கிறார்கள், 1 கோடி முதலீட்டுக்கு அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

முன்கட்டுக்கு வருகிறேன். புரோக்கர் இடிக்கச் சொன்னது. அதில் கம்பியே இல்லை, துருப்பிடிக்க எதுவும் கிடையாது. ஒன்றரை அடிச் சுவர், செங்கல், சுண்ணாம்பு. கூடத்துக்கு மேலே இருப்பது மெட்ராஸ் டெரஸ் என்று நாங்கள் சொல்லும் மச்சு. உத்திரத்தின் மேல் தேக்குக் கட்டைகளை வரிசையாக நிறுத்தி, அதன்மேல் மெல்லிய செங்கலைச் செங்குத்தாக, கோணவாட்டில், சுண்ணாம்பு தடவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போவார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள், கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளித்துத் தெளித்து. கடைசியில் தட்டோடு. இது ஒழுகாத வரை சாகாது. ஒழுகினால் சாவது ஒரே இடத்தில், சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் முனையில். காற்றுப்படாமல் ஈரம் தங்கும் இடம் அது. அதனால் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று எடுத்துக்கொண்டு ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு உத்திரமும் சுவருக்குள் நுழையும் இடத்தில் குத்திப் பாருங்கள். முனை தடுத்து நின்றால் இன்னும் ஐம்பது வருஷம் போகும். பிஸ்கட்டில் குத்தின மாதிரி உள்ளே இறங்கினால் அந்தக் கட்டையை மாற்ற வேண்டும். சுவரோரத்தில் மண் கோடு மாதிரி ஓடினால் கரையான், அது தனி வைத்தியம்.

பழைய வீட்டை வாங்கிய ஆர்வத்தில் எல்லாரும் செய்யும் இரண்டு தவறு இருக்கிறது. ஒன்று, ஒழுகுகிறதே என்று மச்சுக்கு மேலே நாலங்குலம் கான்கிரீட் போடுவது. அது சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 250 கிலோ. உங்கள் கூடம் இருபதுக்குப் பதினைந்தடி என்றால் அந்தக் கட்டைகளின் தலையில் 7 டன் புதிதாக ஏற்றுகிறீர்கள். இன்னொன்று, சுவர் உப்புப் பூத்து உதிர்கிறதே என்று சுண்ணாம்புப் பூச்சைச் செதுக்கிவிட்டு சிமெண்ட் பூசுவது. இதை நானே செய்திருக்கிறேன், அதுவும் என் சொந்த வீட்டில், படித்த படிப்பெல்லாம் இருந்தும். சுவரில் ஒன்றரை அடி உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. சிமெண்ட் பூசி, மேலே விலை உயர்ந்த பெயிண்டும் அடித்தேன். இரண்டே மழைக்காலத்தில் ஓதம் சிமெண்டைத் தாண்டி ஐந்தடிக்கு மேலே வந்து எட்டிப் பார்த்தது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, நான் மூக்கை அடைத்துவிட்டேன், அது வாயைத் தேடிக்கொண்டு மேலே போனது. திரும்பச் செதுக்கிச் சுண்ணாம்பே பூசினேன். என் அம்மா முதலிலேயே சொன்னாள், கேட்கவில்லை. சுண்ணாம்புச் சுவரில் உப்பு உதிர்வது நோய் கிடையாது, உதிரட்டும், வருஷத்துக்கு ஒருமுறை பெருக்கித் தள்ளிவிட்டு வெள்ளையடித்துக்கொள்ளுங்கள்.

ஓடு வேய்ந்த முன்தாழ்வாரம் புயலுக்குத் தாங்காது, அது உண்மை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது இந்தப் பக்கத்தில் ஓடு பறக்காத வீடு குறைவு. ஆனால் ஓடு மறுபடி அடுக்கலாம். கட்டை நின்றால் போதும்.

தண்ணீர். கிணற்றைப் பார்க்கும்போது தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட எப்போது பார்க்கிறோம் என்பது முக்கியம். கார்த்திகையில் இந்த ஊரில் எந்தக் கிணறும் தித்திக்கும். சித்திரை வைகாசியில் குடித்துப் பாருங்கள். கடலோர மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. அதையே திருப்பிப் படியுங்கள், ஓரடியை நீங்கள் மோட்டாரால் இழுத்துவிட்டால் உப்பு 40 அடி மேலே வரப் பார்க்கும். அதனால்தான் ஆழமாக போர் போட்ட பக்கத்து வீட்டில் உப்பும், இருபதடிக் கிணற்றில் நல்ல தண்ணீரும் இருக்கும். நீங்கள் போர் போடாதீர்கள். கூரைத் தண்ணீரை எல்லாம் அந்தக் கிணற்றுப் பக்கமே இறக்கிவிடுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, குடிக்க லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது தர நிர்ணய அளவு. கழிவுநீர்த் தொட்டி கிணற்றுக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்றும் பாருங்கள்.

600 மீட்டர் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்கு வெளியே என்று புரோக்கர் சொல்லியிருப்பார். கடலைப் பொறுத்தவரை எல்லை, உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர். ஆனால் உயர் அலைக்கோடு என்பது நீங்கள் மணலில் நின்று பார்க்கும் கோடு இல்லை, அரசு வரைபடத்தில் போட்ட கோடு. அப்புறம், அலை ஏறி இறங்கும் ஆறு, கழிமுகம், வாய்க்கால் ஓரமும் இதே சட்டத்தில் வரும். நாகையில் கடுவையாறு இருக்கிறது. கடல்நீர் ஏறுகிற வாய்க்கால் எதுவும் கொல்லைக்குப் பின்னால் ஓடுகிறதா என்று பாருங்கள். 2019 அறிவிக்கையின்படி அங்கே 50 மீட்டர் அல்லது அந்த நீர்நிலையின் அகலம், எது குறைவோ அது. உங்கள் நகர அளவை எண்ணை வைத்து அந்த வரைபடத்தில் இடத்தைப் பார்த்துவிட்டால் இடித்துக் கட்டுவதற்கும் மேலே மாடி எடுப்பதற்கும் பிற்காலத்தில் தலைவலி வராது.

சுனாமியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்கக் கூச்சப்பட்டீர்களோ என்னவோ. 2004 டிசம்பர் 26-ல் இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டை பக்கம் போய் நின்றால் இன்றும் தெரியும். அந்தத் தெருவில் தண்ணீர் வந்ததா, வந்தால் எந்தப் படி வரை வந்தது என்று எதிர்வீட்டில் இருக்கும் வயசானவர்களிடம் கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், கையை வைத்து "இதுவரைக்கும்" என்று காட்டுவார்கள். விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. திண்ணை உயரம் தெருவைவிட எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள், ரோடு போட்டுப் போட்டு உயர்ந்ததில் பல பழைய வீடுகள் பள்ளமாகிவிட்டன, ஐப்பசி மழைக்கே ரேழியில் தண்ணீர் நிற்கும். வாங்கிய கையோடு வீட்டுக் காப்பீடு எடுத்துவிடுங்கள். பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான பாலிசியிலேயே புயல், வெள்ளம், சுனாமி, நிலநடுக்கம் எல்லாம் அடங்கும்.

இரும்பு கேட், ஜன்னல் கிரில், ஏசியின் வெளி யூனிட், மோட்டார் எல்லாம் சென்னைக் கணக்கில் பாதி ஆயுசு என்று வைத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் கைப்பிடி போடுவதாக இருந்தால் 304 ரகம் வேண்டாம், உப்புக்காற்றுக்குத் தாங்கும் 316 ரகம் என்று கேட்டு வாங்குங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

நீங்கள் இருவர், வீடு ஆறு படுக்கையறை. இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிள்ளைகள் தீபாவளிக்கு வருவார்கள், வருஷத்தில் பத்து நாள். மற்ற நாளெல்லாம் அந்த முற்றத்தில் விழும் வேப்பிலையை யார் பெருக்குவது? கடலோர வீட்டுக்குப் பூட்டி வைப்பதுதான் விஷம், பூட்டிய அறையில் காற்று ஓடாது, ஓதம் பிடிக்கும், ஒரே மழைக்காலத்தில் மெத்தையும் புத்தகமும் பூசணம் பூக்கும். தினமும் எல்லா ஜன்னலையும் திறந்து மூட உங்களால் முடியுமா, அல்லது ஆள் கிடைக்குமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். என் யோசனை கேட்டால், முன்கட்டைச் சரிசெய்து அதில் நீங்கள் குடியிருங்கள், பின்கட்டின் மேல்மாடியை இறக்கிவிடுங்கள், கீழ்த்தளத்தைச் சோதனை முடிவைப் பார்த்துச் சரிசெய்யவோ இடிக்கவோ முடிவு செய்யுங்கள். இடித்தால் அந்த இடம் தோட்டமாகட்டும். உங்கள் வீட்டம்மாவுக்கு முற்றம்தானே ஆசை, பின்கட்டு இல்லையே.

இப்போது விலை. கான்ட்ராக்டர் ஒருவரை அழைத்துப் போய், பின்கட்டை இறக்கவும் மச்சில் கெட்ட கட்டைகளை மாற்றவும் என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாளோடு பேரத்துக்கு உட்காருங்கள். பின்கட்டு இருப்பதால் கூடுதல் விலை என்று அவர்கள் சொல்லும்போது, அதனால்தான் குறைவு என்று நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும். நான் போயிருந்தால் 85-ல் ஆரம்பித்து 95-க்கு மேல் ஏறமாட்டேன். "மூணு பார்ட்டி காத்திருக்கு" என்பதை முப்பது வருஷமாகக் கேட்கிறேன், அந்த மூன்று பேரும் எங்கேதான் காத்திருக்கிறார்களோ.

கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள், தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அது கட்டாயம், ஐந்து பேர் கையெழுத்தும் அதிலேயே வர வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதி நோட்டாக எண்ணிக் கொடுக்கும் அட்வான்ஸ் வேண்டாம். கிரையத்துக்கு ஆறு மாதக் கெடு கேளுங்கள், ஐப்பசியும் கார்த்திகையும் அதற்குள் வருகிற மாதிரி. பெரிய மழை பெய்த மறுநாள் சாவியை வாங்கிக்கொண்டு டார்ச்சோடு போய் ஒவ்வொரு அறையின் மூலையையும் பாருங்கள், முடிந்தால் ஒரு ராத்திரி அங்கேயே படுங்கள். ஒப்பந்தத்தில் இன்னொன்றும் எழுதுங்கள்: கூடத்துத் தூண் எத்தனை, வாசல் நிலைக்கதவு, ஊஞ்சல் சங்கிலி, முற்றத்துப் பித்தளைக் குழாய், கிணற்று ராட்டினம் என்று ஒவ்வொன்றாக, போட்டோவோடு. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் பர்மா தேக்குத் தூணுக்கு என்ன விலை என்று ஐந்து வாரிசில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும், பத்திரம் முடிந்து நீங்கள் போய்ப் பார்க்கும்போது நிலைக்கதவு இருந்த இடத்தில் பிளைவுட் நிற்கும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் இப்போது கஷ்டம். நாகூரில் எனக்கு ஒருவரைத் தெரியும், எழுபது தாண்டிவிட்டது, ஏணி ஏறமாட்டார். மகனை மேலே ஏற்றிவிட்டு, கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தட்டுகிற சத்தத்தை வைத்தே எந்தக் கட்டை போயிற்று என்று சொல்வார். முதல் தடவை வீட்டைப் பார்க்கப் போகும்போதே அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கூலி வாங்கமாட்டார், டீயும் நல்ல வெற்றிலையும் வாங்கிக் கொடுத்தால் போதும்.